எந்த வரிசை, எத்தனையாவது இரவு

டிசம்பர் வந்தால் நாடகம் பார்க்கிறவர்கள் பட்டியல் போட உட்கார்ந்துவிடுவார்கள். பிடித்தவை பத்து, ஏமாற்றியவை மூன்று, சிறந்த நடிகர், சிறந்த செட். இந்தப் பட்டியல்களில் எப்போதும் விட்டுப்போகிற விவரம் ஒன்று உண்டு. பார்த்தவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்? அது அந்த நாடகத்தின் எத்தனையாவது இரவு? புத்தகத்துக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. நூறாம் பக்கம் எல்லோருக்கும் நூறாம் பக்கம்தான். மேடையில் பதினைந்தாம் வரிசைக்காரர் பார்த்ததும் மூன்றாம் வரிசைக்காரர் பார்த்ததும் ஒரே நாடகம் இல்லை. வெள்ளிக்கிழமை பார்த்ததும் சனிக்கிழமை பார்த்ததும்கூட ஒன்றில்லை.

இதற்கு நாடக வரலாற்றிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் 'கடற்பறவை' 1896 அக்டோபர் 17 அன்று (பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி) பீட்டர்ஸ்பர்கில் முதன்முறையாக மேடையேறியது. ஒரு நகைச்சுவை நடிகையைக் கௌரவிக்க அன்றைய வசூலை அவருக்கே கொடுக்கும் இரவு அது. அவருடைய ரசிகர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று வந்திருந்தார்கள். கிடைத்ததோ வேறு. சத்தமும் கேலியுமாக நாடகம் சரிந்தது. செகாவ் மறுநாளே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். நான்கு நாள் கழித்து, அதே அரங்கில் அதே நாடகம் வேறு கூட்டத்தின் முன் நடந்தபோது கைதட்டல் வாங்கியது. அதை நடிகை கோமிசார்ஷெவ்ஸ்கயா கடிதம் எழுதித்தான் ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. 1898-ல் மாஸ்கோ கலை அரங்கு அதைத் திரும்ப எடுத்து வெற்றி கண்ட கதை எல்லோரும் அறிந்தது. எனக்கு அந்த நான்கு நாள் இடைவெளிதான் முக்கியமாகப் படுகிறது. முதல் இரவை மட்டும் பார்த்துவிட்டு ஆண்டுப் பட்டியல் போட்டிருந்தால் 'கடற்பறவை' எந்த வரிசையில் வந்திருக்கும்?

இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று பார்த்தால் ஆண்டுக்கு 26 நாடகம். தலா இரண்டரை மணி நேரம் என்றால் 65 மணி நேரம். பிப்ரவரியில் பார்த்த மாடிப்படி செட் டிசம்பரில் யோசிக்கும்போது ஆகஸ்டு நாடகத்துக்குள் போய் நின்றுகொள்ளும். ஆகவே கணக்கை அந்தந்த இரவே எழுத வேண்டும். எழுதுகிற முதல் வரி இருக்கை எண்ணாக இருக்கட்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு முகத்தின் நுட்பமான மாற்றம் ஏறத்தாழ 20 மீட்டர் வரைதான் வெறுங்கண்ணுக்கு எட்டும். அரங்கு வடிவமைப்பவர்கள் வசன நாடகத்துக்கு இதைத்தான் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அப்பால் புருவம் தெரியாது. தலையின் சாய்வும் தோளும் கையும்தான் தெரியும். வரிசைக்கு வரிசை 90 செ.மீ. என்று வைத்தால் 22-ஆவது வரிசையிலேயே அந்த எல்லை முடிந்துவிடுகிறது. முன்வரிசைக்கும் மேடைக்கும் உள்ள இடைவெளியையும் கூட்டினால் இன்னும் முன்னதாகவே. "நடிப்பில் உயிர் இல்லை" என்று பின்வரிசையிலிருந்து எழுதுகிறவர் அந்த நடிப்பைப் பார்க்கவே இல்லாமலிருக்கலாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முன் மூன்று வரிசைகளில் முகம் அவ்வளவும் கிடைக்கும். ஆனால் மேடைத் தளம் கண்மட்டத்துக்கு வந்துவிடுவதால் யாருக்கும் யாருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது புரியாது. இயக்குநர் இரண்டு பேரை நான்கடி தள்ளி நிற்கவைத்துச் சொன்ன சேதி முன்வரிசைக்குப் போய்ச் சேராது. நடனத்துக்கு முன்வரிசை சுத்தமாகவே வீண். குழு நடனத்தின் கோலம் மாடியின் முதல் வரிசையிலிருந்துதான் விரியும்.

பக்கவாட்டு இருக்கைகளின் குறை வேறு மாதிரி. பக்கச் சுவரில் கதவு வைத்த செட் என்றால், அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்குக் கதவே தெரியாது. ஆள் திடீரென்று முளைப்பார். எதிர்ப்பக்கத்திலோ பக்கத்திரைக்குப் பின்னால் தயாராக நிற்கும் நடிகர் அரை நிமிடம் முன்பே தெரிந்துவிடுவார்; வருகையின் அதிர்ச்சி அதோடு போயிற்று. தளம் சரிவில்லாத அரங்குகளில் தரையில் விழுந்து சாகிற காட்சியை ஏழாவது வரிசைக்குப் பின்னால் யாரும் பார்ப்பதில்லை. முன்னால் இருப்பவரின் தலைமுடியைத்தான் பார்க்கிறார்கள். உச்சக்காட்சி எடுபடவில்லை என்ற புகார்களில் பல இந்த வகைதான். பணக்காரத் தோற்றத்துடன் பக்கச் சுவரில் தொங்கும் பாக்ஸ் இருக்கைகளைப் பற்றி ஒன்றே ஒன்று: அவை பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல, பார்க்கப்படுவதற்காகக் கட்டப்பட்டவை.

நாலாபுறமும் ஆட்கள் உட்காரும் நடுமேடையில் யாராவது ஒருவருக்கு முதுகு தெரிந்தே தீரும். கைதேர்ந்த இயக்குநர்கள் நடிகரின் முதுகை நடைபாதையின் பக்கம் திருப்பி நிறுத்துவார்கள். அங்கே இருக்கை இல்லை, முதுகுக்கு நேர் பின்னால் யாரும் இல்லை. ஆனால் நடைபாதையை ஒட்டிய இருக்கைக்காரர்கள் முதுகை அதிகம் பார்ப்பார்கள். இரண்டு நடைபாதைகளுக்கு நடுவில் கிடைத்தால் நல்லது.

இனி காது. மேடையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது.

20 டிகிரி வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 25 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு வசனம் 73 மில்லி நொடி தாமதமாக வந்து சேர்கிறது. தாமதம் மட்டும் என்றால் பாதகமில்லை. சுவரில் மோதித் திரும்பும் ஒலி நேரடி ஒலிக்கு 50 மில்லி நொடிக்கு மேல் பிந்தினால்தான் பேச்சு குழம்பத் தொடங்குகிறது. வசனத்துக்கு ஏற்ற அரங்கில் எதிரொலி தேய்ந்து மறைய ஒரு நொடி போதும். சிம்பொனி அரங்குகளில் இரண்டு நொடி வேண்டும். இசைக்குக் கட்டிய மண்டபத்தில் வசன நாடகம் போட்டால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். சத்தம் உயிரெழுத்தில் இருக்கிறது, பொருள் மெய்யெழுத்தில் இருக்கிறது. தூரத்தில் முதலில் தேய்வது மெய்தான். குரல் நன்றாகக் கேட்கிறது, ஆனால் என்ன சொன்னார் என்று விளங்கவில்லை என்றால் கோளாறு ஒலியளவில் இல்லை. நடிகரை இன்னும் கத்தச் சொன்னால் உயிரெழுத்து மட்டுமே பெருகும்.

மாடிக்கு அடியில், உள்ளே தள்ளிப்போன வரிசைகளில் ஒலி மங்கும். மாடியின் அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைவிட ஆழமாக உள்ளே போகாத இருக்கைகள்தான் பாதுகாப்பு. ஒலிபெருக்கி வைத்த நிகழ்ச்சிகளில், முக்கியமாக இசை நாடகங்களில், இன்னொரு சுலபமான வழி இருக்கிறது. அரங்கின் பின்பாதியில் மிக்ஸர் மேசை எங்கே என்று பார்த்து அதன் பக்கத்தில் இடம் பிடியுங்கள். ஒலியைச் சரிசெய்கிறவரின் காது அங்கேதான் இருக்கிறது. அவர் கேட்பதை நீங்களும் கேட்பீர்கள்.

நடிகர்களின் மைக் பெரும்பாலும் முன்நெற்றியில், மயிர்க்கோட்டில் ஒளிந்திருக்கும். நிலக்கடலையைவிடச் சிறியது. வியர்வை வழிந்து அதன் துளையை அடைத்துவிட்டால் குரல் சளி பிடித்தது போல ஆகிவிடும். நடனம் முடிந்த கையோடு வரும் காட்சியில் இதை அடிக்கடி கேட்கலாம். இருவர் கட்டிப்பிடித்துப் பேசும்போது குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலிருந்தால், இரண்டு மைக்கும் திறந்திருக்கின்றன என்று பொருள். ஒரே குரல் இரண்டு வழியாக, மயிரிழை நேர வித்தியாசத்தில் வந்து சில சுரங்களை ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தேர்ந்த ஒலிக்காரர் அந்த இடத்தில் ஒன்றை மூடிவிட்டு ஒன்றின் வழியாகவே இருவரையும் எடுப்பார். முதல் வாரத்தில் இது தவறும். மூன்றாம் வாரத்திலும் தவறினால் குறித்துவைக்கலாம்.

ஒளிக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைக்கு அளவு சொல்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், தளத்துக்கும் மேலேயுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல், போக வர இரண்டு வாயில். கோல் என்பது 24 விரல். இத்தனை அளவுக்கும் பிறகு விளக்கு வைப்பதற்கு ஒரே நிபந்தனைதான்: தூணின் நிழல் அரங்கத்துக்கு வெளியே விழ வேண்டும். ஒளியமைப்பின் முதல் பாடம் இன்றைக்கும் அதுதான். எதைக் காட்டுவது என்பதற்கு முன்பே நிழல் எங்கே விழும் என்று முடிவு செய்தாக வேண்டும். 1932-ல் அமெரிக்க மேடை ஒளியமைப்பாளர் ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ் எழுதிவைத்த முறைப்படி, நடிகருக்கு முன்னால் இடமும் வலமுமாக 45 டிகிரி விலகி, 45 டிகிரி உயரத்திலிருந்து இரண்டு விளக்குகள் வரும். ஒன்று வெதுவெதுப்பான நிறம், ஒன்று குளிர்ந்த நிறம். முகம் தட்டையாகாமல் மூக்கும் தாடையும் உருவம் பெறுவது இந்த இரண்டின் வித்தியாசத்தால்.

கண் குழிகள் கருத்து எல்லோரும் மண்டையோடு போலத் தெரிந்தால் முன்விளக்கு போதவில்லை, தலைக்கு நேர் மேலே இருப்பதுதான் எரிகிறது. முகம் பளிச்சென்று இருந்தும் ஆள் பின்திரையில் ஒட்டிவைத்த படம் போலிருந்தால் பின்விளக்கு இல்லை. ஒத்திகையில் ஒரே நிறமாக இருந்த இரண்டு துணிகள் மேடையில் வேறு வேறு நிறமாகத் தெரிவதும் உண்டு. எல்.இ.டி. விளக்கின் வெள்ளை எல்லா அலைநீளங்களையும் சம அளவில் கொண்டதல்ல. சாயத்துக்குச் சாயம் அது வேறு மாதிரி எதிரொளிக்கும். தையற்காரர் மேல் தப்பில்லை.

புகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிக்கற்றை காற்றில் தூண் போல நிற்க வேண்டுமானால் மெல்லிய புகைமூட்டம் வேண்டும். அன்றைக்குக் குளிர்சாதனம் எந்தப் பக்கம் இழுக்கிறது, பின்கதவு திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்தத் தூண் நிற்கும் அல்லது காணாமல் போகும். ஒரு விமர்சகர் "மறக்க முடியாத காட்சி" என்று எழுத, இன்னொருவர் அதைக் குறிப்பிடாமலே விடுவதற்கு இவ்வளவு சாதாரணமான காரணம் இருக்க முடியும்.

அடுத்தது எத்தனையாவது இரவு என்பது. முறையான திறப்புக்கு முன் நடக்கும் முன்னோட்டக் காட்சிகளில் பகலில் காட்சியை வெட்டி ஒட்டி இரவில் ஆடுவார்கள். புது வசனம் நாக்கில் ஏறாமல் நடிகர் ஒரு கணம் கண்ணை மேலே ஓட்டுவதைப் பார்க்கலாம். அதைக் குறையாக எழுதக் கூடாது. முன்னோட்டம் என்று குறித்தால் போதும். திறப்பு இரவில் கூட்டத்தில் பாதி நண்பர்களும் உறவினர்களும். சிரிப்பு ஒரு நொடி முன்னாலேயே வந்துவிடும். அதன் மறுநாள்தான் ஆபத்து. பதற்றம் வடிந்து, தூக்கம் போதாமல், எல்லாமே ஒரு மாற்றுக் குறைவாக ஓடும். தொழில்காரர்கள் இந்த இரண்டாம் இரவுச் சரிவை நன்றாக அறிவார்கள். தேர்ந்தெடுக்க முடியுமானால் இரண்டாவது வாரத்தின் நடுவில் போவதே என் சிபாரிசு. கைகால்கள் இடம் கண்டுபிடித்திருக்கும், சலிப்பு இன்னும் வந்திருக்காது.

நீண்ட நாள் ஓடுகிற நாடகங்களில் கைக்கடிகாரம்தான் சிறந்த விமர்சகர். பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒளி, ஒலி மாற்றங்களுக்குக் குறிப்புக் கொடுக்கிற ஸ்டேஜ் மேனேஜர் ஒவ்வோர் இரவும் காட்சி அறிக்கையில் ஓடிய நேரத்தை எழுதுவார். 2 மணி 10 நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்தது 2 மணி 16 ஆனால், நடிகர்கள் இடைவெளிகளை ருசிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். சில நிமிடம் குறைந்தால் ஒருவர் பேசுவதை இன்னொருவர் காதில் வாங்குவதில்லை, முறை வந்ததும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரே நாடகத்தை இரண்டு முறை பார்ப்பதாக இருந்தால் தொடங்கிய நேரம், இடைவேளை, முடிந்த நேரம் மூன்றையும் இரண்டு தடவையும் குறித்துவையுங்கள். எங்கே வீங்கியது என்று தெரிந்துவிடும்.

மாற்று நடிகர் ஆடுகிறார் என்ற சீட்டு வாசலில் ஒட்டியிருந்தால் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது அதிர்ஷ்டச் சீட்டு. அன்றைக்கு மேடையில் எல்லோரும் எல்லோரையும் கவனிப்பார்கள், வேறு வழியில்லை. பழக்கத்தில் தூங்கிப்போன காட்சிகள் விழித்துக்கொள்ளும்.

வசனம் தவறுவது பார்வையாளர் நினைப்பதைவிட அதிகம், கண்ணில் படுவதோ குறைவு. ஆபத்தான இடம் ஒன்றே போன்ற இரண்டு வரிகள். முதல் அங்கத்தில் ஒருவர் "எப்போது வந்தாய்?" என்கிறார், மூன்றாம் அங்கத்திலும் அதே கேள்வி வருகிறது. பதில் சொல்பவர் தவறிப்போய் இரண்டாவதன் பதிலைச் சொல்லிவிட்டால் இருபது பக்கம் காணாமல் போகும், அல்லது முடிந்த காட்சி மறுபடி சுற்றும். ஒரு நடிகர் தேவையில்லாமல் ஜன்னல் பக்கம் நடந்து "ஆமாம், ஆனால் கடிதத்தைப் பற்றி நீ இன்னும் சொல்லவில்லையே" என்று இழுத்தால், அவர் வண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒளி ஒரு வசனம் பிந்தி மாறுவது இன்னொரு அடையாளம். உள்ளே ஸ்டேஜ் மேனேஜர் பிரதியைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

கூட்டமும் நாடகத்தின் பாத்திரம்தான். ஆயிரம் இருக்கையில் முந்நூறு பேர் சிதறி உட்கார்ந்தால் சிரிப்பு பற்றாது; அதே முந்நூறு பேரை முன்னால் நெருக்கி உட்காரவைத்தால் பற்றிக்கொள்ளும். காலி அரங்கில் எதிரொலியும் கூடும், ஏனென்றால் ஒலியைக் குடிக்கிற உடம்புகள் இல்லை. கூட்டம் என்ன எதிர்பார்த்து வந்தது என்பது இன்னும் பெரிது. வராத ஒருவருக்காக இரண்டு பேர் காத்துக்கொண்டே இருக்கும் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1956 ஜனவரியில் மயாமியில் இரண்டு கண்டங்களையும் சிரிக்கவைத்த நாடகம் என்ற விளம்பரத்தோடு போடப்பட்டபோது பலர் பாதியில் எழுந்து போனார்கள். 1957 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் க்வென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகள் முன் அதே நாடகம் நடந்தபோது அவர்கள் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். காத்திருப்பதைப் பற்றி அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூட்டத்தை அளக்க இருமலை எண்ணலாம். பிடித்து இழுக்கிற காட்சியில் இருமல் வருபவர்கூட அடக்கிக்கொள்வார். காட்சி தொய்ந்த மறுகணம் நாலைந்து இடத்திலிருந்து இருமலும் நாற்காலிக் கிறீச்சும் கிளம்பும். முதல் அங்கம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது இது நடந்தால் அது நாடகத்தின் சிக்கல். இடைவேளை முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் நடந்தால் மக்கள் இன்னும் இருக்கையில் அமரவில்லை, அவ்வளவுதான்.

குறிப்பெடுக்கும் முறை எளிது. 1876-ல் ஜெர்மனியின் பைராய்த்தில் தன் ஓபரா அரங்கில் இசையமைப்பாளர் வாக்னர் பார்வையாளர் பக்கத்தை இருட்டாக்கினார். அந்தப் பழக்கம் பரவிய பிறகு மேடையும் மௌனமும் லாபம் பெற்றன, குறிப்பேடு வைத்திருப்பவர்கள் நஷ்டப்பட்டார்கள். போன் வெளிச்சம் கூடவே கூடாது. பின்னால் மூன்று வரிசைக்கு நாடகம் கெடும். பென்சில் போதும், 'டிக்' சத்தம் இல்லை. மடியில் சிறு தாள், ஒரு பக்கத்துக்கு நாலே சொல், பெரிய எழுத்தில், எழுதுவதைப் பார்க்காமல். அன்றிரவே பத்து நிமிடம் உட்கார்ந்து விரிக்க வேண்டும்: தேதி, வரிசை, எத்தனையாவது காட்சி, யாருக்குப் பதில் யார், ஓடிய நேரம், கண்ணில் நின்ற ஒன்று, காதில் நின்ற ஒன்று, கவனம் நழுவிய இடம். கருத்து வேண்டாம். "அருமை" என்ற சொல்லிலிருந்து பத்து மாதம் கழித்து எதையும் மீட்க முடியாது. "கிழவி குடத்தை இறக்கியபோது தண்ணீர்ச் சத்தம் இல்லை, குடம் காலி" என்ற குறிப்பிலிருந்து முழுக் காட்சியையும் மீட்கலாம்.

ஒரு மாதம் கழித்து, பழைய குறிப்பைப் பார்க்காமல் இரண்டாவதாக ஒரு பத்தி எழுதுங்கள். ஆண்டுக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பட்டியல் தானே மாறும். அன்றிரவு இரண்டு பக்கம் எழுதவைத்த நாடகம் ஒரு மாதத்தில் ஒற்றை வரியாகச் சுருங்கியிருக்கும். செட்டின் பிரமாண்டம் பெரும்பாலும் அப்படித்தான் கரையும். சுமார் என்று தள்ளிய ஏதோ ஒன்று இரண்டாவது குறிப்பில் வளர்ந்திருக்கும். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதற்கு முன் முதல் வரியைப் பாருங்கள். தள்ளியவற்றில் பாதி 20-க்குப் பின்னால் உள்ள வரிசைகள் என்றால், குற்றவாளி நாடகம் இல்லை. முடிந்தால் அவற்றில் ஒன்றையாவது வேறு இடத்திலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

பதிவு செய்யப்பட்ட நாடகங்களை இந்தக் கணக்கில் தனிப் பக்கத்தில் எழுதுவது நல்லது. லண்டன் தேசிய அரங்கு 2009 முதல் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்புகிறது. அதற்குப் பின் பலரும் செய்கிறார்கள். போக முடியாதவர்களுக்கு அது வரம். ஆனால் அங்கே இருக்கை உங்களுடையதில்லை. பேசுகிறவர் முகத்தைக் கேமரா காட்டும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தைப் பார்க்கும் உரிமை போய்விடுகிறது. பல நாடகங்களில் விஷயம் அந்தக் கேட்கிற முகத்தில்தான் இருக்கும்.

டிக்கெட்டைப் பத்திரப்படுத்துவதிலும் ஒரு சூட்சுமம். இப்போது வருபவை பெரும்பாலும் வெப்பத்தில் கருக்கும் தாளில் அச்சானவை, மையே கிடையாது. வெயில் பட்டாலும், மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் ஓரிரு ஆண்டுகளில் வெறும் தாளாகிவிடும். போனில் வரும் டிக்கெட் நிகழ்ச்சி முடிந்ததும் செயலியிலிருந்தே மறைந்துவிடலாம், உள்ளே போகும் முன்பே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். காகித டிக்கெட் என்றால் அதன் பின்புறத்தில் வரிசை எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். கரிக்கோடு வெளுக்காது.